இளைப்பாறுவது கட்டுப்படியாகுமா? வன்னியில் ஐம்பதைத் தொட்டவர்களுக்கு

வட்டக்கச்சிச் சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என்னைவிட ஆறு வயது இளைய அரச ஊழியர் ஒருவர் கேட்டார். "அண்ணை, அடுத்த வருடம் விட்டுவிடலாமா, இல்லாவிட்டால் அறுபது மட்டும் இழுக்கட்டுமா?" நான் வாயைத் திறப்பதற்கு முன்னர் பக்கத்து வாங்கில் இருந்த கமக்காரர் சிரித்தார். "உங்களுக்கு விடுவதற்கு ஒரு திகதி இருக்கிறது. எனக்கு முழங்கால் சொல்லும் திகதிதான்."

இந்தக் கட்டுரை இரண்டு பேருக்குமானது. நடுவில் இன்னொரு கூட்டமும் உண்டு: கூட்டுறவுச் சங்கம், தனியார் நிறுவனம், ஆடைத் தொழிற்சாலை என்று ஊழியர் சேமலாப நிதியை நம்பி உழைப்பவர்கள். நான் 2021இல், 60 வயதில், ஓர் அரச அலுவலகத்தில் இருந்து இளைப்பாறியவன். சிலவற்றைச் சரியாகச் செய்தேன். சிலவற்றில் கையைச் சுட்டுக்கொண்டேன். சுட்ட இடங்களைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

விடுவதா, நிற்பதா

அரச ஊழியருக்குக் கட்டாய ஓய்வு வயது 60. 55ஐத் தாண்டினால் விரும்பி விடலாம். 2021 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் இதை 65 ஆக்கினார்கள். அடுத்த ஆண்டே மறுபடியும் 60க்குக் கொண்டுவந்து, அந்த வயதைத் தாண்டியவர்களை 2022 டிசெம்பர் 31உடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது என்று எண்ணி வீட்டுக்குக் கடன் எடுத்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஓய்வுத் திகதியை நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

விடுவதா நிற்பதா என்று யோசிக்கும் அரச ஊழியர் முதலில் எண்ணவேண்டியது வயதை அல்ல, சேவை மாதங்களை. பென்சன் பெறக் குறைந்தது 10 ஆண்டு வேண்டும். 30 ஆண்டு நிறைந்தால் உச்ச வீதம் வந்துவிடும். அதற்கு மேல் எத்தனை ஆண்டு நின்றாலும் வீதம் ஏறாது. சம்பள ஏற்றத்தால் வரும் சிறு கூடுதல் மட்டுமே. இன்னொன்றையும் கவனியுங்கள். 30 ஆண்டு முடித்தவர் மேலும் ஓராண்டு நின்றால் அவருக்கு மிஞ்சுவது முழுச் சம்பளம் அல்ல, சம்பளத்துக்கும் பென்சனுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அதிலிருந்து முல்லைத்தீவுக்குப் போய்வரும் பஸ் காசையும் மத்தியானச் சாப்பாட்டையும் கழியுங்கள். சிலருக்கு அதற்குப் பிறகும் நல்ல தொகை நிற்கும். சிலருக்கு, விடிய ஐந்து மணிக்கு எழுந்து ஓடியதன் விலை ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாய் என்று தெரியவரும்.

தேநீர்க் கடையில் கேட்டவருக்கு 27 ஆண்டு சேவை, பல்கலைக்கழகத்தில் ஒரு மகள். அறுபது வரைக்கும் நிற்கச் சொன்னேன். 32 ஆண்டு முடித்து, கடன் இல்லாமல், சர்க்கரை வருத்தத்துடன் ஓடித்திரியும் ஒருவர் கேட்டிருந்தால் விடச் சொல்லியிருப்பேன்.

தனியார் துறையில் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ். அங்கே மாதாந்தப் பென்சன் இல்லை. கையில் வரும் மொத்தத் தொகையைத் தின்று தீர்க்கவேண்டும். ஒவ்வோர் ஆண்டு கூட நிற்கும்போதும் தொகை வளர்கிறது. தின்னவேண்டிய ஆண்டும் ஒன்று குறைகிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியிருக்கிறது. உடம்பு இடம் கொடுத்தால் அதுவரை நில்லுங்கள்.

கமக்காரருக்கு ஒரே நாளில் விடுவது என்று ஒன்று கிடையாது. ஐந்து ஏக்கர் செய்தவர் மூன்றுக்கு வருவார், பிறகு ஒன்றுக்கு வருவார், மிச்சத்தைக் குத்தகைக்குக் கொடுப்பார். அந்த இறக்கத்தைத் தானே தீர்மானிப்பது ஒன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவசரமாகக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் கொடுத்தவர்களுக்கு நல்ல குத்தகை கிடைத்ததை நான் காணவில்லை.

குசினிக் கொப்பி

இனி வேலைக்கு வருவோம். முதல் வேலை, ஒரு கொப்பி வாங்கி மூன்று மாதச் செலவை எழுதுவது. சலிப்பான வேலைதான். அரிசி வீட்டில் இருக்கிறது, தேங்காய் வளவில் விழுகிறது என்பதால், நமக்குச் செலவே இல்லை என்று வன்னியில் ஒரு நினைப்பு உண்டு. எழுதிப் பார்த்தால்தான் அது எவ்வளவு பிழை என்று தெரியும்.

மாதாமாதம் வராத செலவுகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். வற்றாப்பளைப் பொங்கல், தைப்பொங்கல், தீபாவளி, கலியாண வீட்டு அன்பளிப்பு, சாமத்தியச் சடங்கு, செத்தவீடு, அந்தியேட்டி, கிணறு இறைப்பு, மோட்டார் சைக்கிள் டயர், கூரை திருத்தம். ஆண்டுத் தொகையைக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்து மாதச் செலவுடன் சேர்க்கவேண்டும். என் வீட்டில் இந்தப் பக்கம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. வேலையில் இருக்கும்போது இவற்றை மேலதிக நேரக் காசில் சமாளித்திருந்தேன். அந்தக் காசு நின்றபோதும் கலியாண வீடுகள் நிற்கவில்லை.

இளைப்பாறிய பின்னர் பஸ், உடுப்பு, கந்தோர்ச் சேகரிப்புகள் குறையும். மருந்து ஏறும். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்றாலும், அங்கே இல்லாத மருந்தை வெளியே வாங்கவேண்டும். சில சோதனைகளைத் தனியாரிடம் செய்யவேண்டும். கிளிநொச்சியில் முடியாததற்கு யாழ்ப்பாணம் போகவேண்டும், துணைக்கு ஒருவர் வருவார், அவருக்கும் சாப்பாடு. மின்சாரப் பட்டியலும் ஏறும், பகல் முழுவதும் காற்றாடி சுற்றுவதால்.

என்ன வரும்

அரச ஊழியர்கள் செய்யும் பொதுவான பிழை, கடைசிச் சம்பளச் சிட்டையின் அடிவரியைப் பார்த்துப் பென்சனை மதிப்பிடுவது. பென்சன் கணிக்கப்படுவது ஓய்வுச் சம்பளத்துக்கு உரிய அடிப்படைச் சம்பளத்தில் இருந்து. மேலதிக நேரமும் பிரயாணப்படியும் அதில் சேரா. பணிக்கொடை என்று ஒரே தடவையில் கையில் தருவது, குறைக்கப்பட்ட மாதப் பென்சனின் 24 மடங்கு. தீர்க்காத இடர்கடன் (அரச ஊழியர் சம்பளத்தைக் காட்டி எடுக்கும் கடன்) இருந்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். கடைசி ஐந்து ஆண்டில் புதிய இடர்கடன் எடுக்காதீர்கள் என்பது என் பிடிவாதமான ஆலோசனை. பணிக்கொடை ஓய்வுபெற்ற மறுநாளே வரும் என்றும் எண்ணாதீர்கள். நெருக்கடிக் காலத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதச் செலவுக்கான காசு வேறாக இருக்கவேண்டும்.

சேமலாப நிதியின் கணக்கு எளிது. ஊழியர் 8 சதவீதம், வேலைகொள்வோர் 12 சதவீதம். 50,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 10,000 சேரவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கு வேலைகொள்வோர் மட்டும் செலுத்தும் 3 சதவீதம் வேறு, அது 1,500. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். 15 பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு முடித்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகவும் வரும். பலர் இதைக் கேட்பதே இல்லை. முதலாளி தானாகத் தருவார் என்று காத்திருக்கவேண்டாம்.

சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டியும் நிதிக்கு அனுப்பாத இடங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, 22 ஆண்டு வேலையில் ஒன்பது ஆண்டுக் காசு கணக்கில் இல்லை என்பது விலகும் நாளில்தான் தெரிந்தது. இடம்பெயர்ந்த காலத்துப் பதிவேடும் இல்லை, அப்போதிருந்த முகாமையாளரும் இல்லை. ஆகவே கணக்குக்கூற்றை ஆண்டுதோறும் வாங்கிப் பாருங்கள். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். பிந்திச் செலுத்தும் வேலைகொள்வோர் மீது 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கலியாணத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டால் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது சட்டம். எடுக்கவேண்டும் என்பது சட்டம் அல்ல. 26 வயதில் எடுத்த காசு மண்டபத்துக்கும் புகைப்படக்காரருக்கும் போய்விடும். விட்டுவைத்தால் ஆண்டுதோறும் வட்டி சேர்ந்துகொண்டிருக்கும்; 2023ஆம் ஆண்டுக்கு நிதி கொடுத்த வட்டி 13 சதவீதம்.

கமக்காரருக்கு 1987இலும் கடற்றொழிலாளருக்கு 1990இலும் சட்டத்தால் ஓய்வூதியத் திட்டங்கள் உருவாயின. அவற்றில் சேர்ந்து பணம் கட்டியவர்கள் புத்தகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு உரிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்கவேண்டும்; கமக்காரர் என்றால் கமநல சேவை நிலையம். சுயதொழில் செய்பவர்களுக்கு இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் திட்டங்கள் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். 70 வயதைத் தாண்டிய வருமானம் குறைந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவும் இருக்கிறது. இவற்றை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இவற்றால் மருந்துச் சிட்டை தீரும், அடுப்பு எரியாது.

பை

வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோதும் 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் பக்கம் போனபோதும் நகையும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அந்தப் பைக்குள் இருந்தன. சிலருக்குப் பை தப்பியது. பலருக்குத் தப்பவில்லை. கொழும்பில் இருப்பவருக்கு ஓய்வுக்கான ஆயத்தம் என்றால் வட்டி வீதம். நமக்கு அது முதலில் கடதாசி.

50 வயதில் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நியமனக் கடிதம், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் கந்தையா, இன்னொன்றில் கந்தயா. ஒன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, இன்னொன்றில் ஊர்ப் பெயரின் முதலெழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்று விதம். உங்களுக்கு ஒரே ஆள்தான். கோவையைப் பார்க்கும் எழுதுவினைஞருக்கு மூன்று ஆட்கள். சிறிய வித்தியாசத்துக்குச் சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக் கடதாசி போதும் என்பார்கள். பெரியதற்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் திருத்தவேண்டும். எனக்கு இதற்கு மட்டும் ஏழு மாதம் போயிற்று. பிறப்புப் பதிவேடே போரில் அழிந்துபோனவர்கள் காலங்கடந்த பதிவு, உத்தேச வயதுச் சான்றிதழ் என்று இன்னும் நீண்ட வழி போகவேண்டும். அறுபதில் தொடங்கினால் அறுபத்திரண்டில்தான் முடியும்.

அடுத்தது சுயவிவரக் கோவை, அதாவது உங்கள் சேவை விபரம் எல்லாம் கந்தோரில் கிடக்கும் கோப்பு. அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. போய்க் கேட்டுப் பாருங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் வேறு கந்தோரில் தற்காலிகமாகக் கையொப்பம் வைத்த மாதங்களுக்குக் கடிதம் இருக்கிறதா? எல்லாச் சம்பள ஏற்றமும் கையொப்பமாகி இருக்கிறதா? சம்பளமற்ற விடுமுறை பதிவாகி இருக்கிறதா? ஓர் ஏற்றம் விடுபட்டால் அதன் பிறகு வந்த எல்லாம் பிழை. நீங்கள் வேலையில் இருக்கும்போது போய்க் கேட்டால் தேநீர் தந்து தேடுவார்கள். இளைப்பாறிய பின்னர் போனால் நாளைக்கு வரச் சொல்வார்கள். கோபித்துப் பயன் இல்லை. நானும் அந்தக் கதிரையில் இருந்தபோது அப்படித்தான் சொன்னேன்.

நீங்கள் செத்த பின்னர் மனைவி பிள்ளைகளுக்குப் பென்சன் போவதற்கான விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் கோவையில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். போர்க்காலத்தில் கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, கலியாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தாலும் கந்தோருக்குச் சான்றிதழ்தான் மனைவி. பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் பதிவு வைப்பது வெட்கம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வெட்கம் ஒரு நாள்தான் என்று சொல்லி, நானே சாட்சிக் கையொப்பம் வைத்தேன்.

மொத்தக் காசு வரும் மாதம்

ஒருவருடைய வாழ்க்கையில் மிக ஆபத்தான மாதம் பணிக்கொடை வரும் மாதம். ஊருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்காதீர்கள், தெரிந்துவிடும். என் வீட்டில் மகன் மேல்மாடி கட்டுவோம் என்றான். மைத்துனர் உழவு இயந்திரத்துக்குப் பிணை நிற்கக் கேட்டார். கோயில் பரிபாலன சபையார் ஐந்து பேராக வந்து திண்ணையில் இருந்தார்கள். வங்கியில் இருந்து ஒரு தம்பி வந்து, ஆயுள் காப்புறுதியை நிலையான வைப்பு மாதிரிச் சொல்லி விற்கப் பார்த்தார். எல்லோருக்கும் "ஆறு மாதம் கழித்து வாருங்கள், வங்கியில் கட்டிப்போட்டுவிட்டேன்" என்று சொன்னேன். பாதி பொய். மேல்மாடி இன்னும் கட்டவில்லை. இருக்கும் நான்கு அறையில் இரண்டைப் பூட்டித்தான் வைத்திருக்கிறோம்.

பிணை பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இங்கே அரச சம்பளக்காரரை உறவினர்கள் பார்ப்பது பாதி மனிதனாக, பாதி பிணைக் கையொப்பமாக. 55க்குப் பின்னர் எந்தப் பிணையும் வேண்டாம். உதவத்தான் வேண்டும் என்றால், திரும்பி வராது என்று நினைத்துச் சிறு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். அது மலிவு.

காசை எங்கே போடுவது? என் அனுபவத்தைச் சொல்கிறேன். அப்போது 60 தாண்டியவர்களுக்கு 15 சதவீத வட்டி தரும் விசேட வைப்பு இருந்தது. அதில் கொஞ்சம் போட்டேன். மிச்சத்தை ஐந்து ஆண்டுக்கு, ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு, ஒரேயடியாகக் கட்டினேன். அடுத்த ஆண்டு நாடு கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். ஓராண்டுக்கு முன்னர் பத்து இலட்சத்துக்கு வாங்கியதை வாங்க ஏறக்குறைய பதினேழு இலட்சம் தேவை. என் பத்து இலட்சமோ பத்து இலட்சத்து எழுபதாயிரம் ஆகியிருந்தது. 1,493 ரூபாய்க்கு வாங்கிய 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. நாங்கள் விறகுக்குத் திரும்பினோம். 15 சதவீதத் திட்டமும் அந்த ஆண்டே நின்றது. அதன் பிறகு வங்கிகள் 20 சதவீதத்துக்கு மேல் தந்தபோது என் காசு ஐந்து ஆண்டுப் பூட்டுக்குள் கிடந்தது. உடைத்தால் வட்டியை வெட்டுவார்கள்.

ஆகவே ஒரே தவணையில் போடாதீர்கள். ஒரு பங்கை மூன்று மாதத்துக்கும், ஒரு பங்கை ஓராண்டுக்கும், ஒன்றை நீண்ட காலத்துக்கும் பிரித்துப் போட்டால், வட்டி ஏறும்போது ஏதாவது ஒன்று கைக்கு வரும். இறங்கும்போது ஏதாவது ஒன்று பழைய வட்டியில் நிற்கும். வங்கிகளையும் பிரியுங்கள். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான். நிதி நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் 5 சதவீதம் தருகிறோம் என்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள், அவர் உங்கள் மாணவராக இருந்தாலும்.

வட்டியில் வாழலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 இலட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 160,000. மாதம் 13,333. வட்டியில் 10 சதவீத வரியைப் பிடித்தால் 12,000. ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். வங்கியில் கேட்டு வாங்குங்கள். ஆனால் 13,333ஐயும் முழுதாகச் சாப்பிடக்கூடாது. விலைகள் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலே பன்னிரண்டு ஆண்டில் எல்லாம் இரட்டிப்பு. அறுபதில் இளைப்பாறியவர் எழுபத்திரண்டில் பாதிச் சாப்பாடு சாப்பிட முடியாது. வட்டியில் ஒரு பங்கைத் திரும்ப வைப்பில் சேர்க்கவேண்டும்.

நகை? வன்னிப் பெண்களிடம் நகையின் பயனைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. கழுத்தில் இருந்தது அவர்களுடன் நடந்து வந்தது. இரண்டு மூன்று பவுண் இருப்பது நல்லது. ஆனால் அது மாதாமாதம் காசு தராது. கூலியும் சேதாரமும் கொடுத்துப் புது மாதிரி அட்டியல் வாங்குவதைச் சேமிப்பு என்று சொல்லாதீர்கள்.

இளைப்பாறிய கையோடு கோழிப்பண்ணை தொடங்குவதைப் பற்றி ஒரே வரி: இருபது கோழியுடன் தொடங்குங்கள், ஆயிரத்துடன் அல்ல.

நெல்லாக வாங்குங்கள்

பென்சன் ரூபாயில் வருகிறது, வைப்பு ரூபாயில் இருக்கிறது. ரூபாய் விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். 2022இல் எங்களைத் தாங்கியது ரூபாய் அல்லாதவைதான்.

என் மனைவிக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வயல் இரணைமடு வாய்க்காலில் இருக்கிறது. அதைக் காசுக்குக் குத்தகை கொடுக்காமல், ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல் என்று பேசியிருந்தோம். அரிசி விலை எங்கே ஏறினாலும் எங்கள் மூட்டை மூட்டையாகவே வந்தது. தின்றது போக மிச்சத்தை அன்றைய விலைக்கு விற்றோம். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் அந்தக் காலபோகம் (மாரி மழைப் போகம்) விளைச்சல் படுத்தபோது குத்தகைக்காரர் வந்து தலையைச் சொறிந்தார். மூட்டையில் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தோம். பேச்சில் அதற்கும் இடம் வையுங்கள். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்து நீர் மட்டத்தைப் பார்த்துத்தான் விதைப்புப் பரப்பைத் தீர்மானிப்பார்கள். ஆகவே காலபோகத்தை மட்டும் கணக்கில் எடுங்கள், சிறுபோகம் வந்தால் இலாபம்.

வயல் இல்லாதவர்களுக்கு வளவு இருக்கிறது. இரண்டு கறவை மாடு, முருங்கை, தேசி, பப்பாசி. தென்னையைச் சொல்லமாட்டேன். குரங்குகளிடம் கேட்டுத்தான் அந்தக் கணக்கைப் போடவேண்டும்.

காணி பற்றிப் பேசும்போதே இதையும் முடித்துவிடுகிறேன். குடியேற்றத் திட்டங்களில் இருப்பவர்களில் பலருக்கு உறுதி இல்லை, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம்தான். அதற்குப் பின்னுரித்தாளரை, அதாவது உங்களுக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, பிரதேச செயலகத்தில் பதிந்துவையுங்கள். பதியாமல் போனால் சகோதரங்கள் காணிக் கிளையின் வாங்கில்தான் சந்தித்துக்கொள்வார்கள். உறுதிக் காணியைப் பிள்ளைக்கு இப்போதே எழுதுவதென்றால் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கும் மனைவிக்கும் வைத்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளை நல்ல பிள்ளைதான். பிள்ளைக்கும் கடன் வரலாம், பிள்ளைக்கு முன்னால் நீங்கள் சாகாமலும் இருக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காசை மாத வருமானப் பக்கத்தில் எழுதாதீர்கள். அவர்களுக்கும் வீட்டுக் கடன், குளிர்காலம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. வந்தால் தனிக் கணக்கில் போட்டு, வைத்தியத்துக்கும் கூரைக்கும் வையுங்கள். எங்கள் மகள் கனடாவில் இருந்து ஒரு வருடம் ஒன்றும் அனுப்பவில்லை. நாங்கள் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு சிறு பெருமை.

காலை ஒன்பது மணி

காசுக் கணக்கில் சேராத ஒன்றும் உண்டு. முதல் இரண்டு மாதம் இனிக்கும். மூன்றாவது மாதம் காலை ஒன்பது மணிக்கு எங்கே போவது என்று தெரியாது. என்னுடன் வேலை செய்த ஒருவர் சட்டையை மினுக்கி உடுத்திக்கொண்டு, ஒவ்வொரு நாளும் சனசமூக நிலையத்தில் போய் இருந்தார். ஒரே பத்திரிகையை நான்கு முறை வாசித்தார். கந்தோரை விடுவதற்கு ஓராண்டு முன்னரே வேறு ஒரு வேலையை மெதுவாகத் தொடங்கிவிடுங்கள். நான் மற்றவர்களுக்குப் பென்சன் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை, முருங்கைக்காய் தந்தால் மறுப்பதும் இல்லை.

கடைசி வேலை

ஆண்டுதோறும் உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றிதழைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கவேண்டும்; மறந்தால் பென்சன் நின்றுவிடும். நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பிறகு, இவ்வளவையும் வீட்டில் இன்னொருவருக்குக் காட்டவேண்டும். எந்த வங்கியில் எந்தக் கணக்கு, எந்த வைப்பு எப்போது முதிர்கிறது, யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது, நான் செத்தால் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று ஒரே தாளில் எழுதுங்கள்.

எழுதிக் கொடுத்தால் போதாது, ஒரு முறை செய்து பார்க்கவேண்டும். போன கிழமை மனைவியிடம் பையைக் கொடுத்து, விதவைகள் ஓய்வூதிய இலக்கத்தை எடுத்துத் தரச் சொன்னேன். அபசகுனமாகப் பேசுகிறேன் என்று ஏசிக்கொண்டே தேடினாள். பதினொரு நிமிடம் ஆனது. பிறகு, பையை அலுமாரிக்கு மேல் வைத்தால் மாரியில் ஓட்டுக்குள்ளால் ஒழுகும், கீழே வைத்தால் கறையான் என்று சொல்லி, மூடி இறுகிய அரிசி வாளி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் வைத்து மூடினாள்.